வளைவுக்கு அந்தப் பக்கம் வாறவன்

அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் இப்போது வாயை மூடிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது அவரைத் திட்டாத ஆள் அங்கே கிடையாது. நான் மட்டும் எதற்குப் புதிதாக நல்ல பிள்ளை ஆக வேண்டும்?

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொட்டகலைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போன வேன் அவருடையது. பிள்ளைகளுக்கு வேன் மாமா, பெரியவர்களுக்கு வேன்காரர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மெலிந்த ஆள். வெயிலோ மழையோ கழுத்தில் ஒரு சிவப்பு மப்ளர் சுற்றியிருக்கும். கண் ஒரு இடத்தில் நிற்காது. கண்ணாடியைப் பார்க்கும், ரோட்டைப் பார்க்கும், மறுபடி கண்ணாடியைப் பார்க்கும்.

மலைநாட்டில் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிப்பது புதுமை இல்லை. ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு ரோடு. அடிக்காமல் போனால் எதிரில் வருகிற லொறியின் மூக்கில் போய் இடிக்க வேண்டியதுதான். ஆனால் மற்றவர்கள் 'நான் வருகிறேன்' என்று சொல்வதற்காக அடித்தார்கள். இவர் 'நீ வருகிறாய், எனக்குத் தெரியும்' என்று சொல்வதற்காக அடித்தார். வளைவு வருவதற்கு முன்பே உள்ளங்கையை வைத்து அழுத்துவார். வளைவு முடிந்த பிறகுதான் கையை எடுப்பார். பின் சீட்டில் நாங்கள் காதைப் பொத்திக்கொள்வோம்.

"ஏன் மாமா இம்புட்டு அடிக்கிறீங்க? யாருமே வரலையே" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"வளைவுக்கு அந்தப் பக்கம் எவனாச்சும் ஒருத்தன் வந்துக்கிட்டுத்தான் இருப்பான்."

"இன்னைக்கு வரலையே?"

"இன்னைக்கு ஒளிஞ்சிக்கிட்டான்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அப்படியே நம்பினார்.

அவருடைய குணத்தை அந்த ஒரு பேச்சில் முடித்துவிடலாம். உலகத்தில் இருக்கிற எல்லோரும் ஏதாவது ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் இவரை இடிப்பதற்காக வந்துகொண்டிருக்கிறார்கள். கடைக்காரன், கணக்கப்பிள்ளை, கோயில் பூசாரி, தொழிற்சங்கத் தலைவர், தோட்டத்து டாக்டர் எல்லோரும். பஜாரில் தேத்தண்ணி குடிக்கப் போனால் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நின்றபடிதான் குடிப்பார். அதையும் கடைக்காரனின் தூளில் போடவிட மாட்டார். மப்ளருக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுப்பார்.

"நம்ம தூளுக்கு என்னாங்க கொறைச்சல்?" என்று கடைக்காரர் முகம் கறுப்பார்.

"நீ காய வச்ச சக்கையத்தானே திருப்பிப் போடுற. இதுல போடு."

சுற்றிலும் தேயிலை, காற்றில் தேயிலை வாசனை, குடிக்கிறவர்கள் எல்லாம் அதைக் கிள்ளுகிறவர்கள். அதற்கு நடுவில் சொந்தத் தூள் கொண்டுவந்து தேத்தண்ணி குடித்த ஒரே மனுஷன் அவர்தான். கடைக்காரர் வென்னீருக்கும் சீனிக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டு, அவர் போன பிறகு கிளாசைத் தட்டென்று வைப்பார்.

இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தது என் காருக்குள். போன ஆகஸ்ட் விடுமுறையில், நான் தனியாகக் கிளம்பிய நீண்ட பயணத்தின் முதல் நாள் அது. கொட்டகலையில் நான் ஆசிரியை. கார் கைமாறி வந்தது, சின்னது, ஏற்றத்தில் முனகும். மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார் என்று கரையோரமாகச் சுற்றி வீட்டுக்குத் திரும்புவது திட்டம். மற்ற நாட்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முதல் நாள்தான் முக்கியம். நுவரெலியாவிலிருந்து பதுளை, பசறை, பிபிலை, மகாஓயா என்று காட்டைக் கடந்து செங்கலடியில் போய் முடிகிற ரோட்டை ஒரே பகலில், ஒருவர் துணையும் இல்லாமல், நானே ஓட்டிக் கடக்க வேண்டும். செங்கலடிக்குப் பக்கத்தில்தான் நான் படித்திருக்க வேண்டிய பல்கலைக்கழகக் கம்பஸ் இருக்கிறது. படிக்கவிடாமல் செய்தவர் இந்த வேன்காரர்.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கார் கிளம்புகிற நேரத்தில், "காட்டுக்குள்ள இருட்டாகிறதுக்குள்ள வெளிய வந்துரு பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

"வந்து போன் பண்றேன். அப்ப தெரியும், போக முடியுமா முடியாதான்னு."

அப்பா மூடுபனிக்குள் பார்த்தார்.

நாள் நல்ல முகத்தோடு விடியவில்லை. தலவாக்கலையைத் தாண்டும்போதே பனி கண்ணாடியில் அப்பிக்கொண்டது. நானுஓயாவில் ஒரு பஸ் என்னை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போயிற்று. நுவரெலியாவில் பெட்ரோல் அடித்தவன் காருக்குள் எட்டிப் பார்த்து, பின் சீட்டையும் பார்த்து, "தனியமத யன்னே?" என்று சிங்களத்தில் கேட்டான். தனியாகவா போகிறாய் என்று. ஆமென்றேன். சிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிப் பார்க்கிறவர்களை நினைக்கும்போது வேன்காரரின் சந்தேகம் சில நேரம் சரிதானோ என்று தோன்றும். அப்படித் தோன்றுவதற்காகவும் அவர் மேல் கோபம் வரும்.

அவருடைய சந்தேகம் பாதித்தது அவரை மட்டும் என்றால் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். வேனிலிருந்து பிள்ளையை இறக்கிவிட வேண்டுமானால், வீட்டு ஆள் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். தாய்மார் எல்லாம் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருக்கிற நேரத்தில் யார் வருவது? பிள்ளைகளை வேனுக்குள்ளேயே பூட்டிவைத்துக்கொண்டு காத்திருப்பார். மூத்திரம் முட்டி அழுகிற பிள்ளையைக்கூட விடமாட்டார். அவரே இறங்கிப் பற்றை மறைவுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார்.

ஒருமுறை கீழ் லயத்துச் சின்னப் பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போக ஒரு வாலிபன் வந்தான். கொழும்பில் கடையில் வேலை செய்கிறவன், நல்ல சட்டை, கையில் பிஸ்கட் பெட்டி. "நான் இவளோட தாய்மாமன்ங்க" என்றான். பிள்ளையும் "மாமா" என்று குதித்தது.

"எனக்கு உன்னையத் தெரியாது" என்றார் இவர்.

"பிள்ளைக்கே தெரியுதேங்க."

"பிஸ்கட்டக் காட்டினா எந்தப் பிள்ளையும் மாமான்னுதான் சொல்லும்."

வாலிபன் கதவைப் பிடித்து இழுத்தான். இவர் ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நாங்கள் உள்ளே அலறினோம். பிள்ளையின் தாய் மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்து, "அய்யோ, என் சொந்தத் தம்பிங்க" என்று அவர் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அடியை வாங்கிக்கொண்டு, "இப்ப எறக்கு" என்று கதவைத் திறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நாள் அதே வாலிபன் வந்தபோது, "உன்னைய இப்பத் தெரியும்" என்று பிள்ளையை ஒப்படைத்தார். அந்தக் குடும்பம் பிறகு அவருடைய வேனுக்குப் பிள்ளையை அனுப்பவில்லை. அவருக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை.

இப்படிப்பட்ட மனுஷனிடம் போய் என் அப்பா யோசனை கேட்டார். அதுதான் எனக்கு அன்றும் பொறுக்கவில்லை, பிறகும் பொறுக்கவில்லை.

நான் ஏ.எல். பரீட்சை எழுதுவதற்கு முந்தின வருஷம் அம்மா போய்விட்டார். அப்பாவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, இரவு முறையும் வரும். வீட்டில் நானும் அவரும்தான். ரிசல்ட் வந்து, மட்டக்களப்புப் பக்கத்துக் கம்பஸுக்கு நான் தெரிவானேன். எங்கள் லயத்திலிருந்து அப்படி ஒரு பிள்ளை அதற்கு முன் போனதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத் தொரை என் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். கோயிலில் அர்ச்சனை செய்தோம். நான் பெட்டிகூட வாங்கிவிட்டேன், நீலப் பெட்டி.

வடக்கு கிழக்கில் யுத்தம் முடியாத காலம். பஸ் எங்கெங்கோ சுற்றிப் போகும், வழியெல்லாம் செக் பொயின்ட். அந்தப் பக்கத்து ரோடு தெரிந்தவர் எங்கள் தோட்டத்தில் ஒருவர்தான் இருந்தார். வேன் வாங்குவதற்கு முன் அவர் கந்தப்பளையிலிருந்து மட்டக்களப்புக்கு கரட்டும் லீக்சும் ஏற்றிப்போன லொறி டிரைவர். ஒவ்வொரு செக் பொயின்ட்டிலும் மரக்கறி மூட்டையை எல்லாம் இறக்கி ஏற்ற வைத்திருக்கிறார்கள். அடையாள அட்டையைப் பார்த்து, மலைநாட்டான் என்று சொன்னால் நம்பாமல் வெயிலில் முழங்காலில் நிற்க வைத்திருக்கிறார்கள். இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். ஆகவே அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டு வரப் போனார்.

திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வேன்காரர் சொல்லிட்டாரு பாப்பா. அந்த ரோட்டுல பொம்பளப் பிள்ளையத் தனியா அனுப்பாதீங்கன்னு."

"அவர் யாரு சொல்றதுக்கு?"

"ரோடு தெரிஞ்சவரு சொல்றாரு. நான் என்னா பண்ண?"

அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், பெட்டியைத் தூக்கி எறிந்தேன். அப்பா அசையவில்லை. பதிவு செய்ய வேண்டிய நாள் போயிற்று. அடுத்த வருஷம் இங்கேயே ஆசிரியர் கலாசாலையில் சேர்ந்து ஆசிரியை ஆனேன். நல்ல வேலை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் என்னோடு படித்தவர்கள் கம்பஸ் கதை பேச உட்கார்ந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

அன்றிலிருந்து வேன்காரரோடு எனக்குப் பேச்சு இல்லை. வேலைக்குப் போகும்போது மேட்டு ரோட்டில் நடந்து போவேன். பின்னாலிருந்து அந்த ஹோர்ன் வரும். திரும்ப மாட்டேன். மழையில் பக்கத்தில் வேனை நிறுத்திக் கதவைத் திறந்துவிடுவார். நான் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நனைஞ்சு சாவு" என்று கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போவார். அடுத்த மழைக்கும் நிறுத்துவார். அவர் செய்த கெடுதலுக்கு இது ஒரு பரிகாரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருஷக்கணக்கில் இது நடந்தது. பிறகு அவருக்கு மூச்சு வாங்கும் நோய் வந்து, வேனை விற்று, ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனார்.

பசறைக்குப் பிறகு ரோடு பாம்பாகச் சுருண்டு இறங்கியது. அங்கேயெல்லாம் எனக்குச் சிரமம் இல்லை. இது நம்ம ரோடு. கை தானாக ஹோர்னுக்குப் போகும், வரும். லுணுகலையில் எதிரே வந்த மணல் லொறிக்காரன் வழிவிடாமல் நின்றான். கண்ணாடியை இறக்கி நான் போட்ட சத்தத்தில் அவனே பின்னால் எடுத்தான். எனக்கே என் குரலைக் கேட்டு ஆச்சரியமாக இருந்தது. பிபிலையில் வெயில் முகத்தில் அறைந்தது. ஒரு கடையில் சோறு வாங்கிக் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். கடைக்காரியும் அதே கேள்வியைக் கேட்டாள். அதே பதிலைச் சொன்னேன்.

பிறகு காடு தொடங்கியது. எங்கள் மலையில் எங்கே பார்த்தாலும் யாராவது இருப்பார்கள். கொழுந்தெடுப்பார்கள், புல் அறுப்பார்கள், விறகு தூக்கிப் போவார்கள். இங்கே யாருமே இல்லை. ரோடு வெள்ளையாக நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் காய்ந்த பற்றை, அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியாத மரக்கூட்டம். யானை நடமாடும் இடம் என்று மஞ்சள் பலகை நின்றது. போனில் சிக்னல் இல்லை. பயம் வந்தது. அப்பாவிடம் அவ்வளவு வாய் பேசிவிட்டு வந்தவள், கதவெல்லாம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். திரும்பிப் போனால் அந்த மனுஷன் சொன்னது சரியாகிவிடும் என்பதற்காகவே காலை அழுத்தினேன்.

சின்ன வளைவு ஒன்று வந்தது. ஹோர்ன் அடித்தேன். இன்னொன்று வந்தது. அடித்தேன். யாருமில்லாத காட்டில், எனக்கு எதிரே ஒரு சைக்கிள்கூட வராத ரோட்டில், வளைவைக் கண்டால் என் கை போய் அழுத்திக்கொண்டே வந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை.

நாலாவதோ ஐந்தாவதோ வளைவில் யானை நின்றது.

ரோட்டின் ஓரத்தில் பற்றையைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. என் ஹோர்ன் சத்தம் முடியும்போது நான் அதற்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டேன். தலையைத் தூக்கியது. காதுகள் விரிந்தன. தின்றுகொண்டிருந்த கொப்பைக் கீழே போட்டுவிட்டு, முழுசாக ரோட்டில் ஏறி, என் பக்கம் திரும்பி நின்றது. பிரேக்கை மிதித்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், வெட்கக்கேடு, கையை மறுபடியும் ஹோர்னில் வைத்தேன்.

"ஏய், ஏய்! ஹோன் கஹன்ன எப்பா!"

பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். பால் கேன்களைக் கட்டிய ஒரு சிங்களக் கிழவர் அதை உருட்டிக்கொண்டே என் கண்ணாடிப் பக்கம் வந்து, ஹோர்ன் அடிக்காதே என்று பல்லைக் கடித்தபடி சொன்னார். என் கையைக் காட்டி, எடு என்றார். எடுத்தேன். மெதுவாகப் பின்னால் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஒரு மரத்தடிக்கு வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு, அவரும் என் காருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

யானை சில அடி முன்னால் வந்தது. நின்றது. காலால் மண்ணைக் கிளறித் தன் முதுகில் போட்டுக்கொண்டது. நான் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எங்கிருந்து வருகிறாய் என்று கிழவர் கேட்டார். கொட்டகலை என்றேன்.

"ஆ, உடரட்ட" என்று காறித் துப்பினார். மலைநாட்டார் எல்லோரும் இப்படித்தான் என்று தாழ்ந்த குரலில் திட்டத் தொடங்கினார். மரக்கறி லொறி ஓட்டி வருகிறவர்களும் இதே கூத்துத்தானாம். வளைவைக் கண்டால் கை சும்மா இருக்காதாம். மேலே அது உயிரைக் காப்பாற்றும், இங்கே அது யானையைக் கூப்பிடும், இதுகூடத் தெரியாமல் எதற்கு இந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று கேட்டார். மனசுக்குள் நானும் திட்டிக்கொண்டிருந்தேன், கிழவரை அல்ல. இத்தனை வருஷம் பேசாமல் இருந்தும் அந்த வேன்காரர் என் உள்ளங்கைக்குள் உட்கார்ந்திருக்கிறாரே என்று இருந்தது. படிக்கப் போகவிடாமல் தடுத்தது போதாதென்று, செத்த பிறகும் அதே ரோட்டில் என்னை யானைக்குக் காட்டிக்கொடுக்கிறார்.

வெகுநேரம் கழித்து யானை திரும்பி, மறுபக்கத்துப் பற்றைக்குள் இறங்கிப் போயிற்று. கிழவர் எழுந்து, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, தன் பின்னாலேயே வரும்படி கைகாட்டினார். நன்றி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அவருடைய கிராமத்துச் சந்தி வரும்வரை அந்தப் பால் கேன்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வளைவு வரும்போதெல்லாம் கையைத் தொடையின் கீழ் வைத்துக்கொண்டேன்.

மகாஓயா போயிற்று, புல்லுமலை போயிற்று. பற்றைகள் விலகி வயல் வந்தது. ரோட்டில் மாடுகள் படுத்திருந்தன. தமிழ்ப் பெயர்ப் பலகைகள் வந்தன. வெளிச்சம் இருக்கும்போதே செங்கலடிச் சந்தியில் போய் நின்றேன். பஸ்ஸிலிருந்து கம்பஸ் பிள்ளைகள் பையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மலைநாட்டுப் பிள்ளை. "அம்மா, நான் எறங்கிட்டேன், பஸ்ஸுல சீட்டு கெடைச்சிச்சு" என்று போனில் நம்ம பேச்சில் சொல்லிக்கொண்டு போனாள். அவளுக்கு அது ஒரு பெரிய காரியமாகவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. அதற்கு மேல் சந்தோஷமும் வந்தது. காரை ஓரம் கட்டி அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"வந்துட்டேம்ப்பா. செங்கலடியில நிக்கிறேன்."

"காட்டத் தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேன். யானையையும் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு ரோடு. அந்த ஆள் உசுரோட இருந்திருந்தா நேராப் போயிச் சொல்லியிருப்பேன், பொம்பளப் பிள்ளை தனியாப் போக முடியும்னு."

சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்பா?"

"அவரு போக முடியாதுன்னு சொல்லல பாப்பா."

"என்னா?"

"நான் கேக்கப் போனப்ப வேனைக் கழுவிக்கிட்டு இருந்தாரு. அனுப்புங்கன்னாரு. பஸ்ஸ நம்பாதீங்க, ஒருத்தனையும் நம்பாதீங்க, நானே கொண்டு போயி விடுறேன், லீவுக்கு லீவு நானே போயிக் கூட்டிக்கிட்டு வாறேன்னாரு." அப்பா நிறுத்தினார். "எனக்குத்தான் மனசு வரல. உங்கம்மா போயி கொஞ்ச நாளு. நீயும் போயிட்டா அந்த லயத்துக் காம்பராவுல ஒத்தையில எப்புடிக் கெடக்கிறதுன்னு பயந்துட்டேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்பொறம் ஏன் அவரு சொன்னாருன்னு சொன்னீங்க?"

"அவரத்தான் யாருக்குமே ஆகாதே. அதோட இதுவும் ஒண்ணாப் போயிரும்னு நெனைச்சேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ அவரப் பார்த்து மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போனதும் வந்து கேட்டாரு. சொன்னேன். காறித் துப்பினாரு. 'உன்னைய மாதிரி ஒரு கோழைய நான் பார்த்ததில்ல'ன்னாரு. கெளம்பிப் போனவரு திரும்பி வந்து, 'அதுகிட்ட இப்பச் சொல்லித் தொலைக்காத'ன்னாரு. 'தாயும் இல்ல. பெத்தவன் மேலயும் வெறுப்பு வந்துருச்சுன்னா அந்தப் புள்ள எங்க போகும்? என் மேலயே இருக்கட்டும்'னாரு."

ரோட்டில் பஸ் கிளம்பிப் போயிற்று. கம்பஸ் பிள்ளைகள் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். அந்த மனுஷன் மேல் எனக்கிருந்த கோபம் குறையவில்லை. இன்னும் கூடிற்று. இதைத் தீர்மானிக்க இவர்கள் இரண்டு பேரும் யார்? ஒருவர் என் படிப்பைத் தனக்குத் துணையாக வைத்துக்கொண்டார். இன்னொருவர் என் வெறுப்பை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார். நடுவில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் வேன்காரர் என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அது அப்போதுதான் விளங்கியது.

"பாப்பா, கோவமா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமா."

"அவரு மேலயா?"

"உங்க மேலப்பா" என்றேன். பிறந்ததிலிருந்து அதை நான் அப்பாவிடம் சொன்னதில்லை.

அப்பா அழுகிற சத்தம் கேட்டது. நான் சமாதானம் சொல்லவில்லை. சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடச் சொன்னேன். நாளைக்கு இன்னும் தூரம் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னேன். பிறகு போனை வைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.